ஒரு விரல் நீளக் கோடு

கோலின் நட்டநடுவிலிருந்து முன்னால் ஆறு எட்டு நடை. கோலுக்கு முன்னால் வரைந்த சின்னப் பெட்டியின் விளிம்பு வந்ததும் ஷூ லேஸைக் கட்டுகிறவன் போலக் குனிந்து, இடது குதிகாலை ஊன்றிப் பின்னுக்கு ஒரு இழுப்பு. புல்லில் ஒரு கீறல் விழுகிறது. ட்யார்க் திரும்பி இரண்டு கம்பங்களையும் பார்க்கிறான். கோணம் சரியாக இல்லையென்றால் காலால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி நடுவிலிருந்து தொடங்குவான். மைதானத்தில் ஆட்டக்காரர் குறி போடக் கூடாது என்பது விதி. அதனால்தான் அந்த லேஸ் நாடகம். நடுவர்களும் பெரும்பாலும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

பந்து பாய்ந்து வரும்போது, முதுகுக்குப் பின்னால் கோல் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. அந்தக் கீறல் கடைக்கண்ணில் பட்டால் போதும், தான் நிற்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ட்யார்க் ஹார்பெர்ட்ஸுக்கு வயது இருபது. கடலோர ஊரான வெஸ்டர்டைக்கின் கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பர். வாரநாட்களில் மஞ்சள் சைக்கிளில் ஊருக்குத் தபால் கொடுக்கிறான். ஆறடி நான்கு அங்குலம். பழைய வீடுகளின் வாசல்களில் தலையை இடித்து இடித்து, எந்த வாசலிலும் குனிந்தே நிற்கப் பழகிவிட்டான். கடல்காற்று ஒரு கடிதத்தைப் பிடுங்கினால் அந்தப் பக்கம் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்துவிடுவான். அதிகம் பேச மாட்டான். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பான். தடுப்பாட்டக்காரர்கள் அந்தச் சொல்லை ஒரு கூடுதல் ஆளாகவே கணக்கில் வைத்திருந்தார்கள்.

முதல் கோல்கீப்பர் ஃபோக்கோவுக்கு மார்ச் மாதத் தொடக்கத்தில் விரல் முறிந்தது. ஐந்து ஆட்டங்கள் ட்யார்க் நிற்கட்டும், அதற்குள் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம், பருவம் முடியும்வரை யார் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் பயிற்சியாளர் ரென்கோ. தோற்றுப்போனால் மறுபடி இரண்டாம் அணி. ஞாயிறு காலை ஆட்டம், முப்பது பேர், கரைமேட்டில் மேய்கிற ஆடுகள். முதல் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு பந்துதான் அவனைத் தாண்டியது.

அவனுடைய ஒரே எதிரி சொந்த மைதானத்திலேயே இருந்தாள். கெசீனே ஓல்ட்மன்ஸ், புல்லைப் பார்த்துக்கொள்கிறவள், ஐம்பத்தெட்டு வயது. குளிர்காலம் முழுக்கத் தூங்கிய புல் அப்போதுதான் தலை தூக்கும். ஞாயிறன்று அவள் மண் போட்டு அடைத்து வைப்பதை இவன் சனிக்கிழமை கீறி வைப்பான்.

"மாடு கட்டிப் போட்ட எடம் மாதிரி இருக்குடா உன் பெட்டி," என்றாள் நான்காவது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, டிராக்டரை நிறுத்தி. "இனிமே ஒரு ஆட்டத்துக்கு ஒரே கோடு. ரெண்டாவது கீறுன, அப்புறம் நீயே வந்து புல்லா முளைச்சு நில்லு."

அவன் பாத்துக்கலாம் என்றான். அவள் சொன்னபடியே செய்தான் என்பதுதான் கெட்டுப்போன இடம்.

முதல் பாதியில் தன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டான். பக்கம் மாறிய பிறகு போய்ப் பார்த்தால், எதிரணி கோல்கீப்பர் போட்ட கோடு அங்கே ஏற்கெனவே கிடந்தது. புல்லில் இன்னொரு புண் வேண்டாமே என்று ட்யார்க் அதையே நம்பி நின்றான். அந்த ஆளுக்கு வலப்பக்கம் பாய வராது. அதனால் எப்போதும் வலப்பக்கம் ஒதுங்கியே நிற்பவன், கோட்டையும் அங்கேதான் போட்டிருந்தான். எழுபதாவது நிமிடத்தில் இடது கம்பத்தை ஒட்டி வந்த பந்து ட்யார்க்கின் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். தோல்வி.

எங்கேயப்பா நின்றுகொண்டிருந்தாய் என்று ரென்கோ கேட்டார். தன் தப்புதான் என்று மட்டும் சொன்னான். கோட்டைப் பற்றிச் சொன்னால் ஓல்ட்மன்ஸின் பெயரைச் சொல்ல வேண்டிவரும். ஃபோக்கோவின் விரல் ஏறக்குறைய கூடிவிட்டது, ஐந்தாவது ஆட்டத்துக்கு யார் என்று வியாழக்கிழமை சொல்கிறேன் என்று ரென்கோ போய்விட்டார்.

தோற்ற கோல்கீப்பர் தபால்காரனாகவும் இருந்தால் திங்கட்கிழமை மிக நீளமானது. ரொட்டிக்கடைக்காரி கடிதத்தை வாங்காமல் அவன் கையையே உற்றுப் பார்த்தாள். மீன்பிடிப் படகிலிருந்து ஓய்வு பெற்ற ஹின்ரிக், "கரன்ட் பில்லு மட்டும் தவறாம கொண்டாந்துடற. பந்தத்தான் விட்டுடற," என்றார். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நின்று கேட்டுக்கொண்டான்.

ஓல்ட்மன்ஸ் வீட்டில் கதவு திறந்தே இருந்தது. மேஜையில் தேநீர் தயாராக இருந்தது.

"சனிக்கிழமை அந்தக் கோட்டுல ஏன் நின்ன?"

"கோடு இருந்துச்சு. நின்னேன்."

"அது உன்னுது இல்ல. நேத்து அடைக்கப் போனப்பவே தெரிஞ்சுபோச்சு. உன்னுது குதிகால் கீறல், ஆரம்பத்துல ஆழமா இருக்கும். இது நுனிக்கால்ல இழுத்தது. டேப் புடிச்சு அளந்தேன். நாப்பது சென்டிமீட்டர் தள்ளி." அவள் கோப்பையிலிருந்த கற்கண்டின் மேல் தேநீரை ஊற்றினாள். அது சடசடவென்று வெடித்தது. "நான் ஒரு கோடுன்னு சொன்னதாலதானே?"

ட்யார்க் கோப்பையைப் பார்த்தான். "புல்லு இப்பத்தானே முளைக்குது."

ஓல்ட்மன்ஸ் கோப்பையை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு, "ரென்கோகிட்ட நேத்தே சொல்லிட்டேன்," என்றாள். "உன் வாயிலேர்ந்து வராதுன்னு தெரியும். இந்த சனிக்கிழமை ரெண்டு பக்கமும் கீறிக்கோ. ஒரு விரல் நீளம். அதுக்கு மேல போச்சு, டிராக்டர உன் மேல ஏத்திடுவேன்."

 வழக்கமாக, தபால் காத்திருக்கிறது என்று முதல் கோப்பையிலேயே கரண்டியை உள்ளே போட்டுவிடுவான். இந்த ஊரில் அதற்குப் போதும் என்று பொருள். அன்று, விருந்தாளிக்கு ஊர் வழக்கமான மூன்று கோப்பையும் குடித்து முடித்த பிறகுதான் கரண்டியைப் போட்டான். அவள் அதைக் கவனித்தாள்.

வியாழக்கிழமை ரென்கோ படித்த பட்டியலில் முதல் பெயர் ஹார்பெர்ட்ஸ். சனிக்கிழமை அவனைச் சூடேற்றப் பந்து உதைத்தவன் ஃபோக்கோ, விரலில் கட்டோடு. "நல்லாப் புடி, என் சட்டையப் போட்டிருக்க," என்று ஒவ்வொரு உதைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதியின் கடைசி நிமிடத்தில், அதே கோலில், அதே இடது கம்பத்தை நோக்கிப் பந்து வந்தது. கடைக்கண்ணில் தன் கீறலைப் பார்த்துவிட்டு ட்யார்க் பாய்ந்தான். விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. வெஸ்டர்டைக் ஒன்று, எதிரணி பூஜ்யம். சத்தத்துக்கு நடுவிலேயே, பருவம் முடிகிற மே மாதம்வரை நீதான் என்று ரென்கோ அவன் காதில் சொன்னார்.

மற்றவர்கள் கைதட்ட ரசிகர்கள் பக்கம் ஓடினார்கள். ட்யார்க் தன் பெட்டிக்குத் திரும்பி நடந்தான். மண்டியிட்டு, கையுறைகளைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டான். காலுறைக்குள்ளிருந்து மடித்த ஒரு தபால் உறையை எடுத்தான். உள்ளே மணலோடு கலந்த புல்விதை. கீறலில் ஒரு சிட்டிகை தூவிக் கட்டைவிரலால் அழுத்தினான். உறையில் பாதி மிச்சமிருந்தது. அதைக் காற்றில் கொட்டாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் மறுகோடியிலிருந்த பெட்டியை நோக்கி நடந்தான்.