காலி நாற்காலியில் அளந்த நிறம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. வயிறு நிறைய சாப்பிட்டிருந்தேன்.

பழைய படங்களைப் புதுப்பிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. முதலாளி என் அண்ணன். ஒரே படத்தின் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எதில் நிறம் உண்மை என்று பார்த்து அறிக்கை எழுதுவேன். அன்று கையில் மூன்று பிரதி. தியேட்டரில் ஓடிய பிரிண்ட் இரண்டு, பிற்பாடு டிவிக்காக எடுத்த வீடியோ டேப் ஒன்று. பிரிண்ட் இரண்டும் நாள்பட்டு ரோஸாக வெளுத்திருந்தன. டேப் பளிச்சென்று இருந்தது. ஆனால் கதாநாயகிக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை முகம். நேரில் அவர் என்னைப் போல நல்ல கறுப்பு. அது ஊருக்கே தெரியும்.

படத்தைப் புதுப்பிக்கக் கொடுத்த தயாரிப்பாளரின் மருமகனுக்கு அந்த வெள்ளைதான் வேண்டும். ஜனங்களுக்குப் பழகின முகமாம். அண்ணன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

"அஞ்சு மணிக்குள்ள டேப்தான் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வர வேணாம்."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கறுப்புத் திரை போட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

2:10. முதல் பிரிண்ட். ரீலின் ஆரம்பத்தில், படம் தொடங்கும் முன், நிறம் பார்ப்பதற்கென்று பிலிம் கழுவும் லேப்காரர்கள் நான்கே நான்கு ஃபிரேம் வைப்பார்கள். கலர் அட்டையைப் பிடித்தபடி ஒரு பெண் இருப்பாள். படம் பார்ப்பவர்கள் கண்ணில் அது படாது. இதிலும் ஒருத்தி இருந்தாள். வலது கையில் அட்டை. பவுடர் போடாத கறுத்த முகம். ரீல் முழுக்க ரோஸாகியிருக்க, அவள் மட்டும் வெளுக்கவே இல்லை. யாராவது புதுத் துண்டை ஒட்டியிருப்பார்கள் என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டு இல்லை. சரி, கிடைத்தவரை லாபம் என்று அவள் கன்னத்தின் நிறத்தை அளந்து எழுதிக்கொண்டேன்.

2:21. இரண்டாவது பிரிண்ட். அதே பெண். அட்டை இடது கையில்... பிலிமைத் திருப்பி மாட்டிவிட்டேனோ? எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு அது. பிலிம் ஓரத்தில் அச்சான எழுத்துகளைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தன.

டேப்பை எடுத்து மாட்டினேன்.

2:34. டேப். டேப்புக்கு மாற்றும்போது அந்த நான்கு ஃபிரேமை வெட்டிவிடுவார்கள். அவள் இதில் இருக்கவே முடியாது.

இருந்தாள்.

நான்கு ஃபிரேம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. கடிகாரம் ஓடியது. 11 நொடி, 12, 13... அவள் போகவில்லை.

கையில் அட்டை இல்லை. முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு.

சர்க்... சர்க்...

ஸ்பீக்கரை நான் போடவே இல்லை.

நகத்தால் கன்னத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடியில் கறுப்பு தெரிந்தது.

சர்க்...

என்னைப் பார்த்தாள்.

பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கூடவே கோபமும் வந்தது. காலையிலிருந்து ஆளாளுக்கு மிரட்டுகிறார்கள், போதாக்குறைக்கு இவள் வேறா? நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே போட்டு உட்கார்ந்தேன்.

"என்னை எதுக்கு மிரட்டுற? நானும் உன் நிறம்தான். கையெழுத்துப் போட மாட்டேன், போ."

சத்தம் நின்றது. 2:41. படம் தொடங்கியது. நாயகி பழையபடி சுண்ணாம்பு வெள்ளையில் சிரித்தாள்.

டேப்பின் நிறம் பொய் என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் கன்னத்தில் அளந்ததை வைத்தே தோலின் நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றும் எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான். போனேன். தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, அந்தப் படத்துக்கு லேப்பில் நிறம் பார்த்தவரைப் போனில் பிடித்தேன். அட்டை பிடித்த பெண் யார் என்று கேட்டேன்.

"எங்க லேப்ல வேலை பார்த்தவ. பவுடர் போடவே விட மாட்டா. என் நிறத்தை அளக்கத்தானே நிக்க வெச்சீங்கன்னு கேப்பா. ஆனா இந்தப் படத்துல அவ கிடையாதேம்மா. படம் எடுக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா. அப்புறம் யாரையும் நிக்க வெக்க மனசு வரல. காலி நாற்காலில அட்டையைச் சாத்தி வெச்சுதான் எடுத்தோம்."

அன்றே அண்ணனிடம் போய் இரண்டு பிரிண்டையும் போடச் சொன்னேன். இரண்டிலும் காலி நாற்காலி. சாத்தி வைத்த அட்டை. ரோஸாக வெளுத்துப் போயிருந்தன.

அண்ணன் என் அறிக்கையை எடுத்து நீட்டினான்.

"எந்த முகத்துல அளந்த?"

"அந்த நாற்காலில உக்காந்திருந்தவ முகத்துல."

அவன் முகம் வெளிறிவிட்டது. அறிக்கையை மாற்றி எழுதச் சொல்லி இன்னும் ஆள் அனுப்புகிறான். நான் மாற்றவில்லை.