விரதம்தான் வியாதி என்றார்கள்

ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது தொப்புளுக்குச் சற்று மேலே எரிந்தது. நெருப்புக் கங்கை வைத்து அழுத்தியதுபோல. சாப்பிட்டதும் அடங்கியது, வயிறு காலியானதும் திரும்ப வந்தது. சில மாதங்களில் முதுகுவரை குத்தத் தொடங்கியது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் பள்ளி ஆசிரியர், திண்டிவனத்தில் குடியிருந்தோம்.

நான் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது எங்கள் விரதம். சின்ன வயதில் வீட்டார் பழக்கினார்கள்; பெரியவளானபின் நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

விழுப்புரத்தில் பேர்பெற்ற டாக்டர் ஒருவரிடம் போனோம். பேரியம் எக்ஸ்ரே (சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கவைத்து எடுக்கும் படம்) பார்த்துவிட்டு, அல்சர் (குடற்புண்) என்றார். பிறகு அதற்குக் காரணம் தேடினார். புகையிலை, சாராயம், கறி, காரம் என்று கேட்டுக்கொண்டே போனார். எதுவும் என்னிடம் இல்லை. உடனே என் கணவர் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மாவுக்குக் கோவம் ஜாஸ்தி வருமா?"

"வயிறு என்னுது சார். என்னையே கேளுங்க" என்றேன்.

"பாருங்க, இதான்" என்றார், அதையும் அவரிடமே.

விரதத்தைப் பற்றி என் கணவர் சொன்னதும் டாக்டரின் முகம் தெளிந்துவிட்டது. ராத்திரியெல்லாம் வயிறு காலியாகக் கிடந்தால் புண் வராமல் என்ன செய்யும், விரதம்தான் வியாதி என்றார். இருட்டியபின் ஒரு தம்ளர் பால், படுக்குமுன் ஒன்று, இடையில் விழித்தால் இன்னொன்று. கூடவே புளிப்பை அடக்கும் மாத்திரை.

முதல்நாள் விளக்கேற்றியபின் என் கணவர் பாலை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தேன். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. பால் உள்ளே போனதும் எரிச்சல் கொஞ்சம் தணியும். பிறகு முன்னைவிட மூர்க்கமாக வரும். டாக்டரிடம் போய்ச் சொன்னால், மனசை அமைதியாக வைத்துக்கொள் என்பார். அமைதியாக இல்லாததற்கும் நான்தான் பொறுப்பு.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. ஒருநாள் மலம் தார்போலக் கறுத்துப் போயிற்று. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெருக்குழாயடியில் மயங்கி விழுந்தேன். விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினார்கள். அதே டாக்டர் கட்டிலருகே வந்தார். சொன்னபடி பால் குடித்திருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்காது, விரதக்காரர்கள் வீட்டாருக்குத் தெரியாமல் கொட்டிவிடுவார்கள், இனி ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் போனபின் என் கணவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. பாலைக் கீழ ஊத்திக்கினு இருந்தியா?"

நோயில் பட்ட வலிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன். தம்ளரைக் கழுவி வைத்தவர் அவர். என் விரதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் குடித்த பாலில்தான் கரைத்தேன். ஒரு டாக்டரின் ஒரு சொல்லில் அத்தனையும் பொய்யாகிவிட்டது.

"நான் குடிச்சேன்னு நம்புற டாக்டர் யாராவது என்னைப் பாக்கட்டும். அப்புறம் வெட்டட்டும்" என்றேன்.

நான் கொஞ்சம் தேறியதும் அவர் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு வயிற்றின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்தார். உள்ளிருந்து துணுக்குச் சதை கிள்ளி, மஞ்சள் திரவம் இருந்த சின்னக் குப்பியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது ரோஜா நிறமானது. எங்களைக் கூப்பிட்டுக் காட்டி, நிறம் மாறினால் உள்ளே கிருமி இருக்கிறது என்று அர்த்தம் என்றார். வயிற்றின் புளிப்பிலேயே பிழைத்திருக்கும் ஒரு கிருமி. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வாய்வழியாக வந்து தங்கிவிடும். பலருக்கு எதுவும் செய்யாது, சிலருக்குப் புண்ணாக்கும். வெளிநாட்டில் கண்டுபிடித்துச் சில வருஷம்தான் ஆகிறது, இங்கே பலர் இன்னும் நம்பவில்லை என்றார். இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அழைக்கப்படுவது அதுதான்.

"என் விரதத்தாலயா, டாக்டர்?"

"இல்லைங்க. நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் இரண்டு, பிஸ்மத் (புண்ணின்மேல் படிந்து காக்கும் மருந்து) ஒன்று. வாயெல்லாம் இரும்பு ருசி. பிஸ்மத்தால் மலம் மறுபடி கறுத்தபோது நடுங்கிப்போனேன். அது மருந்தின் நிறம்தான். மருந்து முடிந்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. கிருமி இல்லை.

ரிப்போர்ட்டை விழுப்புரத்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுதாகப் படிக்கவில்லை. கிருமியோ என்னவோ, குணமாயிடுச்சில்ல என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாமல் இருந்தது குற்றமில்லை. அன்று பலருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் என் கோபத்தையும் என் நோன்பையும் நோயென்று எழுதினாரே, அதை நான் மன்னிக்கவில்லை. உங்கள் குணத்தைக் காரணமாகச் சொல்லும் எவரிடமும், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

விரதத்தை மறுபடி எடுத்துக்கொண்டேன். என் கணவர் பிறகொருநாள், "உன்னை நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். ஆமாம் என்றேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம். மயிலத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். வயிறு சுருண்டு இழுத்தது. பயத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எரியுமென்று காத்திருந்தேன், எரியவில்லை. பக்கத்தில் ஒருத்தி வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் வாய் ஊறியபோதுதான் புரிந்தது, இது பசி. காலி வயிறென்றால் வலி என்றே அத்தனை வருஷம் இருந்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு பொட்டலம் வாங்கச் சொன்னேன். பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே உரித்துத் தின்றேன்.