கூட்டாளி எங்கே?

“தனியா வந்தியா, கூட்டாளியோட வந்தியா?” என்று கேட்டுவிட்டுத்தான் டாக்டர் ஃபெலிசியா நுண்ணோக்கியில் கண்ணை வைப்பார். கேள்வி கண்ணாடித் தகட்டுக்கு. ஜொகூர் பாருவில், மூன்றாம் மாடித் திசுப் பரிசோதனைக் கூடத்தில், பதினாறு வருஷமாக இதே விசாரணை. பக்கத்துப் பெக்கான் நானாஸ் ஊர்ப் பெண். சின்ன வயதில் போலீஸாக ஆசைப்பட்டவராம். இப்போது கருப்பை வாயிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்குகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு புற்று தென்பட்டதும் எழுதி அனுப்பிவிடுகிற ஆளில்லை. “ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னா கேஸ மூடிடுவாங்களா?” என்று எதிர் மூலையிலிருந்து மறுபடி தேடுவார். அபூர்வமாக ஒரே கட்டியில் இரண்டு வகைப் புற்று கலந்து கிடக்கும். மருத்துவத்தில் அதற்கு நீளமான பெயர். இவர் வாயில் அது ‘ரோஜாக்’. வெள்ளரிக்காயும் முட்டையும் வடையும் ஒரே குழம்பில் புரளுமே, அந்தத் தின்பண்டமேதான். நரைமீசை டெக்னீஷியன் ரூபேந்திரன் வேலைக்குச் சேர்ந்த வாரம், “ரூபேன் அண்ணே, ரோஜாக், சீக்கிரம்” என்ற குரல் கேட்டுக் கீழே ஓடி, குழம்பைத் தனியாகக் கட்டி ஒரு பொட்டலம் வாங்கிவந்து நின்றார். கலப்புப் புற்றைப் பார்க்கச் சாயம் மாற்றிப் போட்ட தகடு கேட்டிருந்த ஃபெலிசியா, மனுஷர் மனம் நோகக்கூடாதென்று பாதியைத் தின்றுவிட்டே விளக்கம் சொன்னார்.

போன செவ்வாய் வந்த தகடு கருப்பாயியுடையது. பண்டார் தெங்காராவில் பள்ளி கேண்டீன் நடத்துபவர். சுரப்பி வகைப் புற்று, பளிச்சென்று தெரிந்தது. அறுவை மருத்துவர் விஜயன் போனில் அவசரப்பட்டார்.

“வியாழக்கிழமை தியேட்டர் கிடைச்சிருக்கு லா. சின்னக் கட்டி, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சிடும். ரிப்போர்ட்ட அனுப்புங்க.”

“மூலையில கடுகு கொட்டினாப்ல ஒரு கூட்டம் நிக்குது டாக்டர். ஒரு நாள் குடுங்க.”

“நசுங்கின செல்லா இருக்கும்.”

“இருக்கட்டும் லா. நசுங்கினதாவே இருக்கட்டும்.”

வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல, நிஜமாகவே அதற்கு ஏங்கினார். அந்தக் கடுகு இன்னொரு வகைப் புற்றாக இருந்தால் பொல்லாதது. கட்டி சின்னதாக இருக்கும்போதே ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பிவிடும். வெட்டினால் மட்டும் போதாது, கீமோவும் வேண்டும், அதுவும் தாமதிக்காமல். பார்க்காமல் விட்டாலோ, குணமாகிவிட்டது என்று நம்பிக் கருப்பாயி கேண்டீனுக்குத் திரும்பிப் போவார்.

மறுநாள் மதியம் ரூபேந்திரன் புதுச் சாயம் ஏற்றிய தகட்டைக் கொண்டுவந்தார். அந்தப் பொல்லாத வகை என்றால் பழுப்பு நிறம் பிடிக்கும். இல்லையென்றால் வெளிறிக் கிடக்கும். ஃபெலிசியா குனிந்தார். மூலை முழுக்கப் பழுப்பு.

விஜயனைக் கூப்பிட்டு இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அவர் அந்தப் பக்கம் டைரியைப் புரட்டினார். பிறகு, “நல்ல வேளை. வியாழக்கிழமைய கேன்சல் பண்றேன். மொதல்ல ஸ்கேன், அப்புறம் கீமோ பாக்கலாம்” என்றார்.

“நீங்க சந்தேகப்பட்டது சரியாப் போச்சு டாக்டர்” என்று ரூபேந்திரன் பல் தெரியச் சிரித்து, குலுக்கக் கையை நீட்டினார்.

“நசுங்கினதாவே இருந்திருக்கலாம் அண்ணே” என்று ஃபெலிசியா இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.