கழுத்துக்கு ஒரு ஒத்திகை

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் கத்தரியக்காதான். தங்கையோடு சேர்ந்து முடி திருத்தும் கடை நடத்திவந்தாள். தலைக்கு மேல் வேலை என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பே. குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் இறுகிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, மறுநாள் வழக்கம்போலக் கடையைத் திறந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் காதோரம் வெட்டிக்கொண்டிருந்தபோது வலது கைவிரல்கள் மரத்துப்போய்க் கத்தரி நழுவியது. நல்லவேளை, மடியில் விரித்திருந்த துணியில்தான் விழுந்தது. ஆசிரியை காதைத் தடவிப் பார்த்தார். "இருக்கு, போதும்" என்று சிரித்தவர், தன் முதுகுவலிக்குப் போய்வந்த, எலும்பையும் மூட்டையும் கையாலேயே அழுத்தித் திருப்பிச் சரிசெய்யும் கைரோபிராக்டரைப் பற்றிச் சொன்னார். ஈரத் தலையோடு அங்கேயே போன் போட்டு, நேரமும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

தளர்வான உடையில் வரவேண்டும், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவர வேண்டும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது என்று அந்த நிலையத்துப் பெண் போனில் சொன்னாள்.

கத்தரியக்காவின் கணவன் பேருந்து ஓட்டுநர். அன்று ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போனில் அந்தச் சிகிச்சை வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து முகம் வெளுத்து நின்றான்.

"தலையப் பிடிச்சு ஒரே திருப்பு. மடக்குன்னு சத்தம் கேக்குது. பாத்த எனக்கே கழுத்து பிடிச்சிக்கிச்சு."

"அப்ப உங்களுக்கும் ஒரு நேரம் வாங்கிடலாம்" என்றாள் அவள்.

அவளுக்குப் பயம் இல்லை. வாய்தான் சரியாக வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தாள். 'கொஞ்சமா வெட்டுங்க' என்று சொல்லிவிட்டுப் பிறகு கண்ணாடியைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. கேட்கத் தெரியாதவருக்கு எந்தக் கையும் உதவாது. ஆகவே கூட்டம் ஓய்ந்த மதியத்தில் தங்கையை டாக்டராக்கி ஒத்திகை பார்த்தாள். தங்கை கடை அங்கியை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் சீப்பைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"கழுத்து வலிக்குது டாக்டர்."

"எந்தப் பக்கம்? எப்ப அதிகமாகுது? தூங்கும்போதா, நிக்கும்போதா?"

"டாக்டர், நீங்க வலிய விட அதிகமா கழுத்தறுக்கிறீங்க."

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு தங்கை சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "கை மரத்துப்போறது கத்தரி பிடிக்கும்போது மட்டும்தானாக்கா?"

கத்தரியக்கா வலது கைவிரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"இல்லடி. காலைல பொத்தான் போட வரல. பூட்டு திறக்கவும் இடது கைதான்."

தங்கை அங்கியைக் கழற்றினாள். "இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ இப்பதானே கேட்ட!"

"அங்க போனதும் முதல்ல இதச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நின்ற கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். திட்டவில்லை. வீட்டுக்குப் போய்ப் பரண் ஏறி, முன்பு மாடிப்படியில் அவள் விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயைத் தேடித் தூசி தட்டி வைத்தான்.

கைரோபிராக்டர் நிதானமான பெண்மணி. கத்தரியக்கா உட்கார்ந்ததும் கை மரத்துப்போவதைத்தான் முதலில் சொன்னாள். பொத்தான், பூட்டு, கத்தரி எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. அவர் தன் விரல்களை இறுகப் பிடிக்கச் சொன்னார். முழங்கையில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

"என் கழுத்த என்ன பண்ணப் போறீங்க? அதுல ஆபத்து ஏதாவது உண்டா?" என்று அவள் நேராகவே கேட்டாள்.

"இன்னிக்குக் கழுத்துல கையே வைக்க மாட்டேன்" என்றார் அவர். "உங்க வலது கையில பலம் குறைஞ்சிருக்கு. முதல்ல ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டரப் பாருங்க. அவர் சரின்னா அப்புறம் நான்."

வெளியே வந்ததும் கணவன், "இவ்வளவு தயார் பண்ணி வந்ததெல்லாம் வீணாப் போச்சே" என்றான்.

"என்ன வீண்? காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வச்சு ஒத்துக்குதான்னு பாக்காம புது ஆளுக்கு நான் சாயம் பூசுவேனா? அந்தம்மா வேலை தெரிஞ்சவங்க."

ஸ்கேனில் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருந்த சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார் நரம்பு மருத்துவர். சில வாரங்கள் தங்கை வெட்டினாள். கத்தரியக்கா வாசல் பக்கம் உட்கார்ந்து வாயாலேயே கடையை நடத்தினாள். மெல்ல மெல்ல விரல்களில் உணர்வு திரும்பியது. வாடிக்கையாளர் நாற்காலியை உயர்த்திப் போட்டு, குனியாமல் வெட்டப் பழகிக்கொண்டாள்.

நரம்பு மருத்துவர் சம்மதித்த பிறகு மறுபடி அந்த நிலையத்துக்குப் போனாள், கழுத்தைத் தொடாமல் முதுகுக்கு மட்டும். துணைக்கு வந்த கணவன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். அவள்தான் வெளியே வந்து அவனை எழுப்ப வேண்டியிருந்தது.