ரேஷன் கிருஷ்ணாயிலில் ஒரு ஜெட் இன்ஜின்

லேத் பட்டறைக்காரனிடம் யாரும் "முடியுமா?" என்று கேட்க மாட்டார்கள், "எப்ப வரணும்?" என்றுதான் கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் மாட்டிக்கொண்ட அன்பர்களே, எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் பம்புசெட்டு ஷாஃப்ட் கடைந்துகொண்டு சும்மா இருந்த நான், ஜெட் இன்ஜின் கடையப் போய்ப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சார் காட்டிய படம்

திண்டிவனத்தில் பிசிக்ஸ் நடத்தும் அருளப்பன் சாருக்குப் பொம்மை ஏரோப்ளேன் பைத்தியம். அவரே மரத்தில் செய்து ஏரிக்கரையில் பறக்க விடுவார். ஒருநாள் பஸ் பிடித்து வந்து, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை என் லேத் மேல் விரித்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கொட்டகையில் செய்த, தூக்குச்சட்டி அளவு ஜெட் இன்ஜின். முன்னால் காற்றை இழுக்க ஒரு சக்கரம், நடுவில் எண்ணெய் எரியும் அறை, பின்னால் அந்தச் சூட்டில் சுற்ற இன்னொரு சக்கரம், இரண்டுக்கும் ஒரே ஷாஃப்ட்.

"நிமிஷத்துக்கு எத்தினி சுத்து சார்?" என்றேன். அறுபதாயிரம் இருக்கும் என்றார். என் லேத் தலைகீழாக நின்றாலும் ஆயிரத்தைத் தாண்டாது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். "பம்புசெட்டு மாதிரிதான் ஏழுமலை. தண்ணிக்குப் பதிலா காத்து. எப்ப வரட்டும்?"

யாருக்கு எண்ணெய்?

முன்சக்கரம், லாரி இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கிற, கழித்துப்போட்ட டர்போ ஒன்றிலிருந்து கிடைத்தது. பின்சக்கரத்தைக் கனத்த எவர்சில்வர் தகட்டில் அரம் வைத்து ராவினேன். ப்ளோயரால் காற்றடித்து, பற்றவைத்து, வேகம் பிடித்ததும் ப்ளோயரை எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் தானாக ஓடினால்தான் அது இன்ஜின். என்னுடையது, எடுத்த நொடியே செத்துப்போகும். மூன்று மாதம் இதே கதை.

வீட்டு ஸ்டவ்வுக்கென்று ரேஷனில் போடும் கிருஷ்ணாயில் முழுக்க இப்படியே போனது. என் மனைவி பச்சையம்மாள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்துபோனாள். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவள். அம்மன் பேரில் ஒன்று சொன்னால் செய்துவிடுவாள். சொல்லியும்விட்டாள். "ஆயுத பூஜை வரிக்கும் பாப்பேன். மறுநாள் இது தானா ஓடலைன்னா, பழைய இரும்புக்காரன்கிட்ட நானே தூக்கிப் போட்டுருவேன். அங்காளம்மா மேல சத்தியம்!"

கைப்பழக்கம்

இருபது வருஷமாகப் பம்புசெட்டு பேரிங்கில் கிரீஸை அப்பி அப்பிப் பழகிய கை இது. ஜெட்டுக்கு மெல்லிய எண்ணெய்தான் விட வேண்டும் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கை கேட்டால்தானே! அதற்கும் ஒரு அப்பு அப்பிவிட்டேன். பற்றவைத்ததும் பட்டறை முழுக்கப் புகை. மோட்டாரோடு வந்து காத்திருந்த வானூர் விவசாயி ஒருவர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "என் மோட்டாரு பொகைஞ்சா ஒங்ககிட்ட தூக்கினு வர்றேன். ஒங்குளுது பொகைஞ்சா நீங்க யார்கிட்ட தூக்கினு போவீங்க?"

பூஜை போட்ட சக்கரம்

சக்கரம் ஒரு பக்கம் மயிரிழை கனத்தாலும் அந்த வேகத்தில் உதறிவிடும். ஷாஃப்டை இரண்டு பிளேடு விளிம்பில் வைத்து உருட்டிப் பார்த்து, கனத்த பக்கத்தை ராவி ராவி, இருபது நாளில் சமமாக்கினேன். ஆயுத பூஜையன்று பட்டறையைக் கழுவி, லேத்து, வைஸு, ஸ்பானர் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் காலையில் சார் வந்து நின்றார். வாசலில் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி! பச்சையம்மாள் சொன்னபடி ஆள் அனுப்பிவிட்டாள். பற்றவைத்தேன். வேகம் பிடித்ததோ இல்லையோ, மேஜையே உதறி, ஸ்பானரெல்லாம் கீழே குதித்தன. அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. "ஜல்தி குடும்மா, இன்னும் நாலு தெரு போவணும்" என்றார் இரும்புக்காரர்.

இன்ஜினைத் தூக்கப் போன பச்சையம்மாள், அதன் முன்வாயில் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சக்கரத்தின் ஒரே ஒரு இறக்கையில், கட்டைவிரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனப் பொட்டு. வைத்தவன் வேறு யார், நானேதான்! முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு அவள் சொன்னாள்: "சாமிக்கு வச்ச பொட்டால நின்னது சத்தியத்துல சேராது. இன்னொரு தபா பத்த வைங்க."

தராசு

ப்ளோயரை எடுத்தேன். சாகவில்லை! ஊ என்று ஆரம்பித்து, காது கிழிகிற விசிலாக ஏறி, எண்ணெய் தீரும்வரை ஒரு நிமிஷம் தானாக ஓடியது. தெருநாயெல்லாம் ரயில்வே கேட் பக்கம் ஓடிப்போயின. பச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சார் என்னைக் கட்டிக்கொண்டார். சூடு ஆறியதும் ஆசையாக இன்ஜினைத் தூக்கப் போனவர், ஒரு கை போதாமல் இரண்டு கையும் போட்டார். உடையக் கூடாதே என்று உடம்பைப் போர்வெல் பைப்பில் கடைந்திருந்தேன். இரும்புக்காரரே தராசை நீட்டினார். ஏழு கிலோ. சாரின் ஏரோப்ளேன் மொத்தமே இரண்டு கிலோ.

சார் இன்ஜினைத் தராசுத் தட்டிலிருந்து இறக்கி வைத்தார். "இன்ஜின் ஜோர் ஏழுமலை. இதத் தூக்கினு பறக்கிற மாதிரி ஏரோப்ளேன் செஞ்சா, நாம ரெண்டு பேருமே அதுல ஏறிக்கலாம்."

ஆக, ஜெட் விமானத்துக்கு ஆசைப்பட்டு நான் கடைந்து முடித்தது, ஒரு சொம்புத் தண்ணீர்கூடச் சுட வைக்காமல் ஊரைக் கூட்டுகிற ஏழு கிலோ கிருஷ்ணாயில் ஸ்டவ்.