ஐரிஷ்காரர் மாமாவை வெளியே எடுத்த நாள்

சின்னமாமாவின் உதைபந்தாட்ட அணியைப் பழக்கியவர் ஓர் ஐரிஷ்காரர். அவரை வெள்ளைக்காரர் என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார்; இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் முகம் சிவந்துவிடும். இங்கிலாந்தில் பல வருடம் சம்பளத்துக்குப் பந்து விளையாடி, முழங்கால் பழுதான பிறகு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தவர் என்று மாமா சொல்வார். பந்து விளையாடச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

எனக்கு அவரிடம் பயம். மூக்கு உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாலையூற்றில் எங்கள் வீட்டுப் படலையடியில் அவருடைய சைக்கிள் நின்றால் நான் அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவேன்.

மாமாவின் துறைமுகத் தொழிலாளர் அணிக்கும் கடற்படை அணிக்கும் இறுதி ஆட்டம் நடந்த அன்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். இரு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தார்கள். உயர வந்த பந்துக்கு மாமாவும் ஒரு கடற்படைக்காரரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். தலைகள் மோதிய சத்தம் மைதானக் கரையில் நின்ற எனக்கே கேட்டது.

மாமா மெல்ல எழும்பிச் சிரித்தார். சனம் கைதட்டியது. தண்ணீர் குடிக்க எங்களிடம் வந்தவர், “ஆட்டம் தொடங்கீட்டுதோ அத்தான்?” என்று அப்பாவைக் கேட்டார்.

“என்ன கதை இது? முடியப்போகுது.”

தண்ணீரைக் குடித்துவிட்டு அதையே திரும்பவும் கேட்டார். ஐரிஷ்காரர் என் தோளைப் பிடித்திழுத்து மாமாவின் முன்னால் நிறுத்தினார்.

“இது ஆர்?” என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில்.

மாமா என்னை வடிவாகப் பார்த்தார். “அக்கா,” என்றார்.

அக்கா என்பது என் அம்மா. மாமாவின் முகத்தோடு வேறு யாரோ நிற்பதுபோல எனக்கு இருந்தது.

“எனக்கு ஒண்டுமில்லை, நான் விளையாடுவன்,” என்று மாமா திமிறினார். “இல்லை,” என்றார் ஐரிஷ்காரர். ஒருவர் வெளியேறினால் இன்னொருவரை இறக்க முடியாத காலம் அது. பத்துப் பேரோடு விளையாடித் தோற்றார்கள்.

“வெள்ளைக்காரன் காசு வாங்கிட்டான்” என்று யாரோ கத்த, சனம் எங்களைத் துரத்தியது. உடுப்பு மாற்றும் தகரக் கொட்டிலுக்குள் ஓடினோம். கூரையில் கல் விழுந்துகொண்டேயிருந்தது. ஐரிஷ்காரர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். மாமாவின் கையைப் பிடிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது. பொலிஸ் வந்த பிறகே வெளியே வந்தோம்.

மறுநாள் விடியும்போதே ஐரிஷ்காரர் வந்துவிட்டார். “தம்பி நித்திரை,” என்று அம்மா சொல்லியும் நேரே அறைக்குள் போய் மாமாவை உலுப்பினார். கண் விழித்த மாமா அவரைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கிழமை முழுக்க அவர் ஒவ்வொரு விடியலிலும் வந்தார். மாமாவும் ஒவ்வொரு நாளும் சுவர்ப் பக்கமே திரும்பினார்.

“தோத்ததுக்கு மன்னிப்புக் கேக்க வாறார், பாவம்,” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தளம் மூடப்பட்டபோது அவர் கப்பலேறினார். மாமா வழியனுப்பப் போய்வந்து, அன்று சாப்பிடவில்லை. அன்று ஐரிஷ்காரர் தன்னிடம் சொன்னதை, நான் வளர்ந்த பிறகுதான் மாமா எனக்குச் சொன்னார். இங்கிலாந்தில் ஐரிஷ்காரர் அணித் தலைவராக விளையாடிய நாளில், தலையில் அடிபட்ட ஒரு தோழனை “ஒன்றுமில்லை, போ” என்று திரும்பவும் மைதானத்துக்குள் அனுப்பியிருக்கிறார். அந்தத் தோழன் மறுநாள் காலை எழும்பவில்லையாம்.

அந்த முதல் விடியலில், அலுமாரிக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். மாமா முகத்தைத் திருப்பியதும் ஐரிஷ்காரர் கதிரையில் தொப்பென்று இருந்து சிரித்தார். கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரைக் கண்டு இந்த மனிதர் ஏன் இவ்வளவு சந்தோசப்படுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.