இடப்பக்கம் போன அம்பு

விஜயதசமி நெருங்க நெருங்கச் சோலையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி வேலை அவருக்கு. யாரையும் அதட்டிப் பேசியறியாத மனிதர். கிள்ளான் கோயிலில் சாமி குதிரை வாகனத்தில் வெளியே வந்து வாழைமரத்தின் மேல் அம்பு போடுகிற நாளில், சாமிக்காக வில்லைப் பிடிப்பது அவர் குடும்பத்து முறை. பெரியப்பா காலத்தில் அது பேருக்கு ஒரு அம்பு. மூங்கில் வில், தளர்ந்த நாண். அம்பு நாலடி போய்ப் படுத்துக்கொள்ளும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

போன வருஷம், எண்பத்து மூன்றில், கோயில் தலைவர் முத்துக்கருப்பன் புது வில் ஒன்று உபயம் கொடுத்தார். கனத்த வில், ஒன்றுக்குப் பதிலாகப் பித்தளை முனை வைத்த பல அம்புகள். அம்பு மரத்தில் குத்தி நிற்க வேண்டும், ஊர் வாயைப் பிளக்க வேண்டும். ஆசை அவருடையது, ஆபத்து மற்றவர்களுடையது. சோலையப்பன் விட்ட அம்பு மரத்தைத் தொடாமல் இடப்பக்கம் சீறிப் போய், வாசலில் பூ விற்கிற சீதாலெட்சுமியின் புருவத்தைக் கிழித்தது. ஒரு விரல் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

"கை நடுங்கிருச்சு அவனுக்கு," என்றார் முத்துக்கருப்பன். ஊரும் அதையே சொன்னது. நாளாக ஆகச் சோலையப்பனே பாதி நம்பிவிட்டார்.

மீதிப் பாதி நம்ப மறுத்தது. கொல்லையில் விட்டுப் பழகும்போது அம்பு ஒன்றுகூட விலகியதில்லையே.

ரத்தம் பட்ட அம்பையும் மற்றவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டு, அடுத்த வருஷத்துக்குப் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். சோலையப்பன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். உமி அடைத்த கோணிச் சாக்கைக் கொல்லைச் சுவரில் சாய்த்தார். நாணை இன்னும் கொஞ்சம் முறுக்கிக் குட்டையாக்கினார். அம்பின் வால் மேலும் கீழுமாக ஆடியது. வால் நாணில் உட்காருகிற இடத்தில் நூல் சுற்றி, அந்தச் சுற்றை மயிரிழை ஏற்றிக் கட்டினார். ஆட்டம் நின்றது. பிறகு இறகு ஒட்டாத வெறும் அம்பை விட்டுப் பார்த்தார். இறகு இருந்தால் அது அம்பின் குற்றத்தை மூடி மறைத்துவிடும். வெறும் அம்பு இடப்பக்கம் ஓடியது. தண்டு விறைப்பாக இருக்கிறது, வில்லை ஒட்டி வளைந்து போக அதனால் முடியவில்லை என்று புரிந்துகொண்டு கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். கடைசியில் வெறும் அம்பும் சாக்கின் நடுவில் போய் நின்றது.

அவர் மனைவி உமையாள் கொடியில் துணி எடுத்துக்கொண்டே பார்த்தாள். "நேராத்தானே போகுது. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நேராப் போறதுதான் பயமா இருக்கு. போன வருஷமும் இங்க நேராத்தான் போச்சு."

"காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்குங்க. வேற யாராச்சும் விடட்டும் லா."

"அவன் விட்டு சீதா கண்ணு போச்சுன்னா?"

உமையாள் துணியோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலை விட்டதும் சோலையப்பன் பூக்கடைக்குப் போனார். "சீதா, அன்னிக்கு ஒரு நாள் கடைய அந்தப் பக்கம் போடேன்."

"அந்தப் பக்கம் லோங்காங் ஓடுது செட்டியாரே. சாக்கடை மேல உக்காந்தா பூ கட்டச் சொல்றீங்க?"

"எனக்குப் பயமா இருக்கு."

"வருஷத்துல நல்லா யாவாரம் ஆகுறதே அன்னிக்குத்தான். எடத்த விட்டா இன்னொருத்தி உக்காந்துக்குவா." மல்லிகைச் சரத்தைப் பல்லால் அறுத்தாள். "இந்த வாட்டி அடுத்த புருவத்தப் பாத்து விடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஆயிரும்."

சிரித்தபோது தழும்பு சுருங்கியது. சோலையப்பனால் சிரிக்க முடியவில்லை.

விஜயதசமி அன்று மாலை மழை விட்டிருந்தது. நாண் நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்த வில்லைக் குருக்கள் வாங்கிச் சாமி பாதத்தில் வைத்தார். பிறகு கைப்பிடியில் சிவப்புப் பட்டைச் சுற்றி, குஞ்சம் தொங்க இடப்பக்கம் முடிச்சுப் போட்டு அவரிடம் கொடுத்தார்.

சோலையப்பன் அம்பைப் பொருத்தினார். அது வில்லின் கட்டையை ஒட்டி உட்காரவில்லை. முடிச்சின் மேல் சாய்ந்து, ஒரு விரற்கடை வெளியே தள்ளி நின்றது. பித்தளை முனை வாழைமரத்தைப் பார்க்கவில்லை. பூக்கடையைப் பார்த்தது.

கொல்லையில் பட்டு கிடையாது. போன வருஷம் இங்கே இதே முடிச்சு இருந்தது. அன்று அவர் கை நடுங்கவில்லை.

"சாமி, முடிச்ச முன்பக்கம் தள்ளிக் கட்டுங்க."

"முடிச்சு எப்பவும் இந்தப் பக்கந்தான். கூட்டத்துக்குத் தெரியணும்," என்றார் குருக்கள்.

"விடுடா சோலை, நேரம் போகுது," என்றார் முத்துக்கருப்பன்.

"அண்ணே, முடிச்சு அம்பத் தள்ளுது. போன வருஷமும் இதுதான்."

"கை நடுங்குனதுக்கு இப்ப முடிச்சு மேல பழியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேளம் வேகமெடுத்தது. குறியைக் கொஞ்சம் வலப்பக்கம் வைக்கலாமா? எவ்வளவு கொஞ்சம்? வலப்பக்கம் முழுக்கப் பிள்ளைகள், அப்பன்மார் தோளில். சோலையப்பன் நாணிலிருந்து அம்பை எடுத்தார். வில்லை இறக்கினார்.

"விடமாட்டேன்."

மேளக்காரர் கை நின்றது.

"என்னடா சொன்ன?"

"இந்த முடிச்சோட நான் விடமாட்டேன். நீங்க விடுங்கண்ணே. நீங்க குடுத்த வில்லுதானே."

வில்லை நீட்டினார். முத்துக்கருப்பன் கை எழவில்லை. அவர் வில்லைப் பார்த்தார், பூக்கடையைப் பார்த்தார், துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தள்ளிக் கட்டுங்க சாமி," என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

குருக்கள் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்து, வில்லின் முன்பக்கம் வருகிற மாதிரி கட்டினார். அம்பு மறுபடி கட்டையை ஒட்டி உட்கார்ந்தது. ஆனால் பட்டின் ஒரு சுற்று இன்னும் இடையில் இருக்கிறது. இப்படி ஒரு தடவைகூட அவர் விட்டுப் பார்த்ததில்லை. போன வருஷம் குத்தம் கைமேல் என்றார்கள். இந்த வருஷம் குறி தப்பினால் அவருடைய வாய்மேல்.

நாணை இழுத்தார். கடைக்கண்ணில் பூக்கடை தெரிந்தது. சீதாலெட்சுமி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, பூத்தட்டைக் கவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். அன்று பேசிய கேலி எங்கே போனதோ.

விட்டார். மரத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். தட்டு விழவில்லை. பச்சைத் தண்டில் ஏதோ இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் அரோகரா போட்டது.

"எங்க போச்சு?" தட்டுக்குப் பின்னாலிருந்து குரல்.

"மரத்துல," என்றார் யாரோ.

முத்துக்கருப்பன் தோளில் தட்டினார். குருக்கள் அடுத்த அம்பை நீட்டினார். அதை வாங்குமுன் சோலையப்பன் முடிச்சு நகர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். வேர்வையில் பட்டு வழுக்கியது. இன்னும் ஒரு தடவை தடவினார்.

சீதாலெட்சுமி தட்டை இன்னும் இறக்கவில்லை.